அத்தை கூட்டிப்போன அருவி

செங்கோட்டை ரயிலில் வந்து இறங்கிய பக்கத்து வீட்டு அண்ணாச்சி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்கள் வாசலில் நின்று சொன்னார்: "பகவதி தவறிட்டா தாயி. காலையிலதான்." அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அத்தையும் பேசிப் பல வருடங்கள் ஆயிற்று. அதற்குக் காரணம் நான்.

பகவதி அத்தை அப்பாவின் தங்கை. செங்கோட்டையில் அவளிடம் தையல் படித்தவர்களுக்கு அவளைக் கண்டிப்பான டீச்சராகத்தான் தெரிந்திருக்கும். "ஊசி குத்துனா குத்திட்டுப் போவுது, கோணாம தை" என்பாளாம். அதற்கு முன் தென்காசியில் எங்களோடு இருந்தாள். கலியாணமான சுருக்கிலேயே கணவனை இழந்து வந்தவள், பிள்ளை கிடையாது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. சாரல் தொடங்கினால் ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போகும். நான் கழுத்தில் கம்பளித் துணியோடு ஜன்னலோரம் கிடப்பேன். பள்ளிக்கூடம் விட்டுப்போய், என்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு மறுபடியும் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தேன். அம்மாவும் என்னோடு சேர்ந்து அடைபட்டாள். கலியாணம் காட்சிக்குப் போக மாட்டாள், என் முதுகைத் தடவியபடி உட்கார்ந்தே தூங்குவாள். அண்ணன் காய்ச்சலென்று வந்து நின்றால், "உனக்கு என்னலே, கல்லு மாதிரி இருக்கே" என்பாள். அவன் அதை இன்னும் மறக்கவில்லை.

ஒரு சாரல் நாளில், எனக்காக நேர்ந்துகொண்டு அம்மா கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போனாள். எனக்குக் காவல் அத்தை. அம்மா தெரு தாண்டியதும், "ஏட்டி, எந்தி. அருவிக்குப் போவம். அது மூலிகைத் தண்ணி, நெஞ்சுக்கு ஒண்ணுஞ் செய்யாது" என்றாள். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் நம்புவதுதான். குதிரை வண்டி பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் நின்றாள். யாரோ தலையில் மொத்துவதுபோல் இருந்தது. நான் சிரித்தேன். சிரித்தால் இருமல் வரும், இருமினால் இழுப்பு வரும் என்று வீட்டில் என்னைச் சத்தமாகச் சிரிக்க விடுவதில்லை. அங்கே யார் தடுப்பது? தொண்டை வலிக்கும்வரை சிரித்தேன்.

சாயங்காலம் இழுப்பு கண்டுவிட்டது. உதடு நீலம் பாரித்து, டாக்டர் வந்து ஊசி போட்டுத்தான் பிழைத்தேன். அத்தை எதையும் மறைக்கவில்லை. "நாந்தான் கூட்டிட்டுப் போனேன் மதினி. பிள்ளை ஏங்கிப்போய்க் கெடந்துச்சு." அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். அந்த வாரமே அத்தை செங்கோட்டைக்குப் போய்விட்டாள்.

நான் வளர வளர இழுப்பு குறைந்தது. வயதுதான் காரணம் என்றார் டாக்டர். நரசிம்மர் என்றாள் அம்மா. அருவி என்றாள் அத்தை. ஒருமுறை செங்கோட்டைக்குப் போயிருந்தபோது, "நெசமாவே மருந்துன்னு நெனச்சா கூட்டிட்டுப் போனீங்க?" என்று அத்தையிடம் கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "அப்பம் அப்படித்தான் நெனச்சேன். இப்பம் தெரியலட்டி. ஒரு பிள்ளையத் தூக்கிக்கிட்டு அருவியில நிக்க எனக்கே ஆசையா இருந்துச்சோ என்னமோ." அவளுக்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று எனக்கு விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை. என்னைச் சாகக் கொடுக்க இருந்தவளும் அவள்தான்.

அத்தையின் சாம்பலைக் குற்றாலத்தில் கரைத்தார்கள். "நானும் வருதேன்" என்று அம்மா கிளம்பியதை யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் குளிக்கப் போனபின் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு அங்கன நீ சிரிச்சியாட்டி?"

பொய் சொல்லியிருக்கலாம். "சிரிச்சேம்மா" என்றேன்.

அருவிச் சாரலில் நனைந்திருந்த என் தலையை அம்மா முந்தானையால் துடைத்தாள். "என் கையில இருக்கையில ஒரு நாளும் நீ அப்படிச் சிரிக்கலியே" என்றாள்.

அத்தை எனக்கு விட்டுப்போனது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். உயிரோடு இருக்கும் அம்மாவின் முன்னால் அதை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.