பள்ளத்தில் இறங்கிய ஆட்டோ

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். சிட்லபாக்கத்தில் குழாய் பதிக்கத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்த சமயம். நான் சானடோரியம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த ஸ்டாண்டில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒருவன் ஷேர் ஆட்டோ வாங்கி ஊரப்பாக்கம் பக்கம் போனான். ஒருவன் செத்தே போனான். அதை விடுங்கள்.

ஒரு டீச்சரம்மா வாடிக்கையாக என் வண்டியில் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வருவார். குழந்தைக்காக வைத்தியம். கணவருக்குத் திருமுடிவாக்கம் கம்பெனியில் வேலை, லீவு கிடைக்காது. அதனால் தனியாகத்தான் வருவார். நானும் தனி ஆள்தான். மனைவி போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் பேசாமலே போய்ப் பேசாமலே திரும்புவோம். எனக்கு அதுவே துணை மாதிரி இருக்கும்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர், "அண்ணா, இன்னைக்குக் கருவை உள்ள வெச்சிருக்காங்க. கொஞ்சம் மெதுவா போங்க" என்றார்.

உருட்டிக்கொண்டு போனேன். ஸ்டாண்டைத் தாண்டும்போது கூட்டாளி ஒருவன், "இன்னா நைனா, வண்டிய தூங்க வெக்கிறியா?" என்று கத்தினான். டீச்சரம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவர் தெருமுனையில் எதிரே தண்ணி லாரி வந்தது. ஒதுங்கினேன். அரைகுறையாக மூடிய மண் உள்வாங்கி, பின்சக்கரம் தொப்பென்று பள்ளத்தில் இறங்கியது. அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் அவர் வரவே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. சவாரி இல்லாதபோது அவர் தெருவில் சும்மா வண்டியை விட்டுக்கொண்டு போவேன். வாசலில் நின்று கேட்கத் தைரியம் வராது. என்னவென்று கேட்பது?

சில வாரம் கழித்து அவரே ஸ்டாண்டுக்கு நடந்து வந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"தங்கலண்ணா."

"பள்ளத்துல வுட்டது நான்தானேம்மா."

"அதுக்குத்தான் வந்தேன். நீங்க எங்க தெருவுல சுத்துறதை மாடியிலேர்ந்து பார்த்தேன். எங்க மாமியாரும் ஆட்டோவாலதான்னு சொன்னாங்க. டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்."

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்பில் நோயை விரட்டுகிற காவல் அணுக்கள் இருக்கின்றனவாம். கரு பாதி அப்பாவுடையது, உடம்புக்கு அது புது ஆள். அதை விரட்டாமல் இடம் கொடுக்கச் சொல்லி அந்த அணுக்கள் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ளுமாம். அதற்கென்று உடம்பே சில பொருள்களைச் சுரக்குமாம். அந்தச் சுரப்பு கூடினாலும் குறைந்தாலும் கரு ஒட்டாமல் போகலாம். கருவிலேயே கோளாறு இருந்தாலும் போகலாம். எது காரணம் என்று பல சமயம் டாக்டருக்கே தெரியாதாம்.

"ஆனா வண்டி குலுங்குறதால கரு கலையாதுன்னு உறுதியா சொன்னாங்க. நீங்க நல்லா சாப்பிடுங்கண்ணா, தூங்குங்க."

போகத் திரும்பியவரை நிறுத்தினேன். "கொடம் தூக்கினா கூடவாம்மா?"

"தண்ணிக் குடமா? அதனாலயும் இருக்காதுண்ணா. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தாம்மா" என்றேன்.

என் மனைவிக்கும் இரண்டு தடவை தங்கவில்லை. அடிபம்பில் தண்ணி அடித்துக் குடம் குடமாகத் தூக்கினாள், அதனால்தான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவளும் நம்பிவிட்டாள். படுத்த படுக்கையாக இருந்தபோதுகூட, "நானே கொன்னுட்டேன்யா" என்பாள். நான் "வுடு, வுடு" என்பேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

அத்தனை துக்கத்திலும் ஒரு பெண் நடந்து வந்து என் பாரத்தை இறக்கிவிட்டுப் போனார். அதே வார்த்தையை நான் சொல்ல வேண்டிய ஒருத்தி, அதைக் கேட்காமலே போய்விட்டாள் என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.