முள்ளுக்கு உறை போட்ட சேவல்

எங்கள் வீட்டுச் சிவப்புச் சேவலை யாரும் அடிக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. துடைப்பத்தை ஓங்கலாம், ஆனால் மேலே படக் கூடாது. தம்பி குறைமாதத்தில் பிறந்து பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அவன் பிழைத்து வீடு வந்தால் அந்தச் சேவலைச் செபஸ்தியார் திருவிழாவுக்குக் கொடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டிருந்தாள். தம்பி வீடு வந்துவிட்டான். திருவிழாதான் வரவில்லை. அதற்குள் சேவல் வளர்ந்தது. அதன் அதிகாரமும் கூடவே வளர்ந்தது.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் கொல்லைப் படியில் உட்கார்ந்து அந்தச் சேவலைக் கவனிப்பதே என் வேலையாக இருந்தது. எதிரே நின்று பார்த்தால் அதுவும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். முதுகைக் காட்டித் திரும்பினால் பாய்ந்து வரும். கையில் வாளி இருந்தால் இன்னும் வேகமாக வரும். பறந்து எழுந்து இரண்டு காலாலும் உதைக்கும்போது, காலின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் முள் கெண்டைக்கால் சதையைக் கிழித்துவிடும். அதிகம் அடிபட்டவள் பக்கத்து வீட்டு அத்தை. அவள் குழாயடிக்கு எங்கள் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும்.

"மதினி, உங்க நேத்திக்கடன் என் சேலையப் பிடிச்சு இழுக்குது. வந்து என்னன்னு கேளுங்க" என்று குரல் வரும். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்து, சேவலைக் கும்பிடாத குறையாக விலக்கிவிடுவாள்.

பூட்டுப் பட்டறையில் வேலை செய்த அப்பாவுக்கு எதையும் அரத்தால் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரத்தோடு வந்து நின்றார்.

"செத்த நேரம் பிடிச்சுக்க. முள்ளு நுனிய மட்டும் ராவி விட்டுர்றேன். அதுக்கு வலிக்காது."

"ஊனமில்லாமக் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் அம்மா, தோளில் கிடந்த தம்பியைத் தட்டிக்கொண்டே. "கடன் தீருற வரைக்கும் இவன் நம்ம பிள்ளையில்ல. வெளையாடாதீங்க."

அப்பா அரத்தைக் கீழே வைத்தார். செத்த நேரம் யோசித்துவிட்டு, பழைய சைக்கிள் ட்யூபில் இரண்டு துண்டுகள் வெட்டிச் சுருட்டி, இரண்டு முட்களுக்கும் உறை மாட்டி நூலால் கட்டிவிட்டார். ஊனமும் இல்லை, காயமும் இல்லை. அதன் பிறகு சேவல் உதைத்தால் வலித்தது, ஆனால் கிழியவில்லை. அது பாட்டுக்கு உதைத்துக்கொண்டேயிருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தான் நேர்ந்துவிடப்பட்டது சேவலுக்குத் தெரியுமா? அப்பாவிடம் கேட்டேன். "தெரியாமயா இம்புட்டுத் திமிரு?" என்றார். இதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். எங்களிடம் ஒரு வெள்ளைச் சேவலும் இருந்தது. சிவப்பைக் கண்டால் துவைகல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அதைப் பிடித்து மடியில் வைத்து, உன்னையும் நேர்ந்துவிட்டாயிற்று, இனி யாரும் உன்னைத் தொட முடியாது என்று காதருகே சொன்னேன். ஒரு வாரம் காத்திருந்தேன். அது துவைகல்லை விட்டு வரவில்லை. நான் சொன்னதை அது நம்பவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

ஒருவழியாகத் திருவிழா வந்தது. காணிக்கைச் சேவல்களில் பெரும்பாலானவை அங்கேயே அசன விருந்துக்குச் சமையலாகிவிடும். பார்க்க எடுப்பாக இருப்பவற்றை மட்டும் தனியே கட்டி ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்த சேவல் போகிற வீட்டுக்கு நல்லது என்பார்கள். அம்மா சேவலைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். கூட்டமும் புகையும் தம்பிக்கு ஆகாது என்று உடனே கிளம்பிவிட்டோம். அதுவரை அவனை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தவள், அன்றைக்கு டவுன் பஸ்ஸில் யார் கேட்டாலும் அவன் முகத்தைத் திறந்து காட்டிக்கொண்டு வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. குஜிலியம்பாறைப் பக்கம் விவசாயம். என் தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்ததோடு சரி, பிறகு எங்கள் வீட்டுக்கு வர அவருக்கு வாய்க்கவில்லை. அன்று நேரே திருவிழாவுக்குப் போய்விட்டு, கையில் ஒரு ஒயர் கூடையோடு உள்ளே நுழைந்தார்.

"அக்கா, மருமகனுக்குத் தாய்மாமன் சீர் கொண்டாந்திருக்கேன். ஏலத்துல போட்டி போட்டு எடுத்தது. அம்புட்டுப் பேரும் கேட்டாய்ங்க, நான் விடலையே. எவனோ ரொம்பச் செல்லமா வளத்திருக்கான்க்கா, முள்ளுக்கெல்லாம் உறை போட்டு வச்சிருக்கான்!"

அம்மா எழுந்திருப்பதற்குள் மாமா கூடையைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டார். சிவப்புச் சேவல் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. வெள்ளை போய்த் துவைகல்லுக்குப் பின்னால் நின்றது. அந்த நேரம் பார்த்து அத்தை தண்ணீர் வாளியோடு திரும்பிக்கொண்டிருந்தாள். சேவல் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கியது.

வாளி உருண்டது. அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவள், சேவலை அடையாளம் கண்டதும் சிரிக்கத் தொடங்கினாள். "ஏ மதினி, செபஸ்தியாருக்கே இதை வச்சுக்கிட முடியல போல. வேண்டாம்னு திருப்பி விட்டுட்டாரு!"

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். விஷயம் தெரிந்ததும் மாமா, "அட, நம்ம வீட்டுச் சேவலுக்கா நான் அம்புட்டு மல்லுக்கட்டுனேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இத இப்பவே கொண்டுபோயிக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

"இருட்டப் போகுது. காலைல போவோம். அவன் காசு குடுத்து எடுத்தது, இப்ப அது வெறும் சேவல்தான்" என்றார் அப்பா.

"இப்பவே போங்க."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். மாமாவும் அவருமாகச் சேவலைப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார்கள். அத்தை வாளியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டாள்.

அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கொல்லைப் படியில் உட்கார்ந்தாள். அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளங்கையை அவன் நெற்றியில் வைத்தாள், பிறகு கழுத்தில், பிறகு நெஞ்சில் வைத்து, அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் போய்க் குனிந்து அவனைப் பார்த்தேன். கன்னம், கை, கால் எல்லாம் பார்த்தேன். காதுக்குப் பின்னாலும் பார்த்தேன்.

"கொத்துன தடம் எதுவும் இல்லம்மா" என்றேன். "சேவல் இவன்கிட்ட வரவே இல்ல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அம்மா சரி என்று தலையாட்டினாள். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் அவள் ஏன் கையை எடுக்கவில்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று, மறுபடியும் அவன் நெற்றியிலிருந்து தேடத் தொடங்கினேன்.