நான் எழுதிய ஐநூற்று இருபது

மூச்சுக்கு மூச்சு நம்மைத் தாங்குகிற ஆண்டவரின் பேரால் நம் பங்குக் கோவில் அன்பியத்துச் சகோதர சகோதரிகள் எல்லாருக்கும் வணக்கம். என் பெயர் ஜெசிந்தா. பெசன்ட் நகரில் வாடகை வீடு. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் ஒன்பது வருஷமாக கேஷ் கவுண்டரில் வேலை. எனக்கு எழுத வராது. பேசச் சொன்னால் பேசுவேன், கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். ஆனாலும் எனக்கு நடந்ததை மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு பூசைக்கு வந்து போவது கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஜூலையில் எங்கள் வீடு தரைதட்டி விட்டது. என் கணவர் அந்தோணி கோடம்பாக்கத்தில் சினிமா லைட்மேன். வேலைக்குப் போனால்தான் பேட்டா. தயாரிப்பாளருக்கு ஏதோ பணத் தகராறு என்று மூன்று வாரமாக ஷூட்டிங் நின்றுவிட்டது. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் கட்டியதில் சேர்த்து வைத்ததும் போனது. என் சம்பளம் ஒன்றுதான். அதுவும் எங்கள் கடையில் ஏழாம் தேதிதான் கைக்கு வரும்.

இந்த நேரம் பார்த்து எங்கள் மகள் ஜோஸ்லினுக்கு வீசிங். எட்டு வயது. மூச்சை இழுக்கும்போது அவள் தோள்பட்டை இரண்டும் மேலே ஏறி இறங்கும். பெற்றவளுக்கு அதைப் பார்க்கிற தைரியம் கிடையாது. ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கும் இன்ஹேலர் அந்த வாரம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வாங்கினால் நானூற்றுச் சில்லறை. கேட்கக்கூடிய இடத்தில் எல்லாம் ஏற்கெனவே கேட்டு வாங்கியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிற அளவுக்கு வந்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் வீட்டிலும் அதே கதைதான்.

இப்போது எங்கள் கடையில் இருக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கேஷில் உட்காருகிறவர்கள் காலையில் உள்ளே போவதற்கு முன், சொந்தக் காசு எவ்வளவு வைத்திருக்கிறோம் என்று செக்யூரிட்டி வாசலில் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காசை அவர்களே கொடுக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டணும். எழுதியதைவிட அதிகமாக இருந்தால் மாட்டினோம். யூனிஃபார்மில் பாக்கெட்டே கிடையாது.

எல்லாருக்கும் ஒரே நோட்டுதான். எனக்குப் பின்னால் நிற்கிறவள் என் கணக்கைப் படிப்பாள், நான் முன்னால் போனவளின் கணக்கைப் படிப்பேன். வேண்டுமென்று படிப்பதில்லை, கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். அந்த வாரம் திங்கட்கிழமை முந்நூற்றுப் பத்து எழுதினேன். செவ்வாய் இருநூற்று நாற்பது. புதன் நூற்று முப்பது. வியாழன் நாற்பத்தைந்து. மகளிர் பஸ் இலவசம் என்கிற புண்ணியத்தில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாக்கா, டீ குடிக்க மட்டும் எடுத்துக்கினு வர்றியா?" சின்னப் பெண், விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது. அன்று பூராவும் லட்சம் லட்சமாக எண்ணிக்கொண்டே அந்த நாற்பத்தைந்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆகஸ்ட் முதல் தேதி, ஆடி வெள்ளி. ஊரே சம்பளம் வாங்குகிற நாள், எங்களுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. விடியற்காலையில் ஜோஸ்லின் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினாள். இன்ஹேலரைக் குலுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. சுடுதண்ணீர் ஆவி காட்டி, முதுகைத் தடவி, எப்படியோ சமாளித்தோம். "காசு எவ்ளோ கீது?" என்று என் கணவர் கேட்டார். "இருக்கு, பாத்துக்கலாம்," என்றேன். எப்போதும் இதுதான் என் பதில். பர்ஸில் இருந்தது ஒரே ஒரு இருபது ரூபாய்.

வேலைக்குப் போகிற வழியில் மாதா கோவில் வாசலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் ஐநூறு ரூபாய் கொடும். என் பிள்ளை மூச்சு விடணும்." இதுதான் என் செபம். ஐநூறு என்று தொகையைச் சொல்லியே கேட்டேன்.

கடை வாசலில் நோட்டு என் கைக்கு வந்தது. அதே சின்னப் பெண் பின்னால் நிற்கிறாள். இருபது என்று எழுதினேன். எழுதிவிட்டு, என்ன தோன்றியதோ, அதற்கு முன்னால் ஒரு ஐந்தைப் போட்டுவிட்டேன். ஐநூற்று இருபது! கௌரவத்துக்காகப் போட்ட ஐந்து. வாசலில் நின்ற செக்யூரிட்டி சரோஜா அக்கா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போ என்று கையைக் காட்டினார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மத்தியானம் கல்யாண ஜவுளி எடுக்க ஒரு வெளியூர்க் குடும்பம் வந்தது. பதினெட்டாயிரத்து ஐநூறு பில். எண்ணுகிற மெஷின் மக்கர் பண்ணியதால் கையால் எண்ணினேன். எல்லாம் பேங்கிலிருந்து எடுத்த புது ஐநூறு ரூபாய் நோட்டுகள். முப்பத்தேழு. சரி என்று பில்லில் சீல் போட்டு அனுப்பிவிட்டேன். அப்புறம் கட்டு அடுக்கும்போது எண்ணினால் முப்பத்தெட்டு வருகிறது. இரண்டு புது நோட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் காலையில் கேட்டது ஐநூறு. கையில் இருப்பது ஐநூறு. எடுத்தால் கல்லாக் கணக்கு சரியாக இருக்கும். வாசலிலும் மாட்ட மாட்டேன், நோட்டில் ஏற்கெனவே ஐநூற்று இருபது எழுதியிருக்கிறேனே! கொடுத்த மனிதருக்கே தெரியாது. எல்லாம் அப்படி அழகாகப் பொருந்தியது. சகோதரிகளே, சத்தியமாகச் சொல்கிறேன், அது திருட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. "ஆண்டவரே, நன்றி" என்று மனதாரச் சொன்னேன். செபமாலை அந்தப் பிளாஸ்டிக் பையில்தான் இருக்கும். செபமாலையை எடுக்கிற சாக்கில் நோட்டைப் பைக்குள் தள்ளிவிட்டேன். தலைக்கு மேலே இருக்கிற கேமராவுக்கு நான் செபமாலை எடுத்த பக்திமான்.

கவுண்டரில் கொஞ்சம் கூட்டம் குறைந்தது. நன்றியாகப் பரலோக மந்திரம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அன்றாட உணவு கேட்கிற வரி வரைக்கும் தடையில்லாமல் வந்தது. "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் அதே இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சின்ன வயதிலிருந்து தூக்கத்தில்கூடச் சொல்கிற மந்திரம்! மூன்றாவது தரமும் வரவில்லை. மணி பார்த்தேன், இரண்டரை.

பையிலிருந்து நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். ஃப்ளோர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "சார், அந்தக் கல்யாணப் பார்ட்டி ஒரு ஐநூறு அதிகம் குடுத்துட்டாங்க" என்றேன். மைக்கில் கூப்பிட்டார்கள். அந்த மனிதர் டெலிவரி கவுண்டரில்தான் நின்றிருந்தார். வந்தார். கையில் இருந்த மிச்சக் கட்டை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார், என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், ஐநூறை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! அந்த ஆள் மேல் இல்லை, ஆண்டவர் மேல். கேட்டதைக் கண்ணில் காட்டிவிட்டு ஏன் பிடுங்கிக்கொள்ள வேண்டும்? சாயங்காலம் வீட்டுக்கு என்ன முகத்தோடு போவேன்? ஒன்பது வருஷத்தில் முதல் தரமாக அன்று கவுண்டரில் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் தூசி என்று பக்கத்துக் கவுண்டருக்குப் பொய் சொன்னேன். அது அன்றைக்கு எத்தனையாவது பொய்யோ.

ஆறரைக்கு ஷிஃப்ட் முடிந்தது. வாசலில் வரிசை. சரோஜா அக்கா என் பையை வாங்கினார். இருபது ரூபாயை எடுத்தார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். செபமாலையையும் கர்சீப்பையும் உதறிப் பார்த்தார். காலையில் நான் எழுதிய நோட்டைப் பார்த்தார்.

"ஐநூத்தி இருவது எழுதிக்கீற. இருவதுதான் கீது. மீதி எங்க?"

"செலவாயிடுச்சுக்கா."

"உள்ள இன்னாம்மா செலவு? காலைலேர்ந்து நீ வெளியவே வரல."

அக்கா வரிசையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துப் படிக்கட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கௌரவத்துக்காக ஐந்து போட்டது, ஒட்டிய நோட்டு, பைக்குள் தள்ளியது, வெளியே எடுத்தது, பிள்ளையின் மூச்சு, எல்லாம். வேலை போகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கைகூப்பி மேலே பார்த்து, "தாயே, காப்பாத்திட்ட," என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"காலைலயே பாத்தேன்மா. முந்நூறு, இருநூறு, நூறு, நாப்பத்தஞ்சுன்னு தேஞ்சிக்கினே வந்த கை, இன்னிக்குப் பொசுக்குனு ஐநூத்தி இருவது எழுதுது. சம்பளமும் வரல. இந்தப் பொண்ணு இன்னிக்கு ஏதோ தப்பு பண்ணப் போவுதுன்னு தோணிப்போச்சு. அங்கயே புடிச்சிருக்கணும். நாலு பேர் முன்னால அவமானப்படுவியேன்னு வுட்டேன். வுட்டுட்டு நாள் பூரா நெருப்பை வவுத்துல கட்டிக்கினு நின்னேன்."

"அப்புறம்?" என்றேன்.

"இன்னிக்கு ஆடி வெள்ளிக்கெயமை. நான் முண்டகக்கண்ணி அம்மனுக்கு ஒருபொழுது. எல்லாரும் மத்தியான சாப்பாட்டுக்குப் போனப்ப, ரெண்டு ரெண்டரை இருக்கும், இந்த வாசல்லயே நின்னு வேண்டிக்கினேன். சாயங்காலம் அந்தப் பொண்ணு பையைத் தொறந்தா அதுல ஐநூத்தி இருவது இருக்கக்கூடாது தாயே, கொறைச்சலா இருக்கட்டும்னு."

நான் அந்தப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று காலையில் நான் ஐநூறு வேண்டும் என்று கேட்டேன். எனக்கு அது கிடைக்கக்கூடாது என்று இன்னொருத்தி சாப்பிடாமல் நின்று வேண்டியிருக்கிறாள், அதே இரண்டரை மணிக்கு. என் நாக்கை யார் பிடித்து நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தனியாகத்தான் போராடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேனே!

அக்கா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மடித்த நோட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்து மூடினார். ஐநூறு ரூபாய்.

"ஞாயித்துக்கெயம கோயில்ல கூழ் ஊத்தறதுக்கு வச்சிருந்தது. கேவுரு மாவு வாங்கணும்."

"சாமி காசுக்கா. வேணாம்," என்று பதறினேன்.

"கூழா போனாலும் நாலு பேர் வவுத்துக்குத்தான போவும்? உன் புள்ள மூச்சுக்குப் போனா அம்மா வேணான்னா சொல்லுவா? ஏந்திரி, மெடிக்கல் ஷாப்புக்குப் போற வழியப் பாரு."

போவதற்கு முன் அந்த வாசல் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து, ஐநூற்று இருபதை அடித்து இருபது என்று எழுத வைத்தார். பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அடையாறு சிக்னல் பக்கத்தில் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஜோஸ்லின் இரண்டு முறை இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் தோள் ஏறி இறங்குவது நின்றது. "அம்மா, இட்லி இருக்கா?" என்று கேட்டாள். அன்று முதல் வேலையாக என் கணவரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இருக்கு இருக்குன்னு சொல்லி என்னையும் ஏமாத்திக்கினு இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி திட்டைவிட அதிகமாக வலித்தது.

ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் அக்காவிடம் ஐநூறைக் கொடுத்தேன். "மாவா வாங்கிக்கினு வா" என்றார். கடைசி ஆடி ஞாயிறன்று நானும் ஜோஸ்லினும் மயிலாப்பூருக்கு மாவோடு போனோம். கூழ் கிண்டுகிற துடுப்பைச் சிறிது நேரம் நானும் பிடித்தேன். இது நம்மில் சிலருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருவர் என்னிடம் முகம் சுளித்துக் கேட்டும் விட்டார். என் ஆண்டவர் எனக்காக யாரை நிற்க வைத்தார் என்று கண்ணால் பார்த்தவள் நான். அவரிடம் கணக்குக் கேட்க நான் யார்?

எங்கள் கஷ்டம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடவில்லை. ஷூட்டிங் ஆரம்பித்திருக்கிறது, நிற்கவும் செய்யும். மாதக் கடைசி இன்னும் மாதக் கடைசி மாதிரிதான் இருக்கிறது. ஒன்றுதான் மாறியிருக்கிறது. "பாத்துக்கலாம்" என்ற பேச்சு எங்கள் வீட்டில் இப்போது கிடையாது. எழுபது என்றால் எழுபது, பத்து என்றால் பத்து.

அன்பானவர்களே, இதைப் படிக்கிறவர்களில் சம்பளத்துக்கு இன்னும் நாள் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் கையில் எவ்வளவு மீதி இருக்கிறதோ, அதை ஒரு ரூபாய் கூட்டாமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிற ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, உங்களுக்காகச் சாப்பிடாமல் ஒருவர் எங்கோ ஒரு வாசலில் நின்றுகொண்டிருக்கலாம்.