மேட்டு எலிகளின் சினை

பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் தெருவில் இறங்குவாள். எலிக்காரி என்றால் எல்லாருக்கும் தெரியும். வனவிலங்கு ஆய்வு நிலையத்தில் பதினோரு வருஷமாகக் காட்டு எலிகளைக் கூண்டில் பிடித்து, எடை போட்டு, வயிற்றைத் தடவிச் சினையா என்று பார்த்து, திரும்ப விட்டுவிடுகிற வேலை.

ஓடையோர நாணலில் இருக்கும் எலிகள் வருஷம் முழுக்கக் குட்டி போடும். கல் மேட்டில் இருப்பவை மழை பெய்து புல் விதை பிடித்தால்தான் சினையாகும். ஒரு வருஷமும் இது மாறியதில்லை.

மழையே பெய்யாத அந்தக் கோடையில் மேட்டிலிருந்து வந்த கணக்குத் தாளில் ஏழு சினை எலிகள்.

"வீட்ல உட்கார்ந்து எழுதினதா இது?" என்றார் நிலைய அதிகாரி.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. முட்டி வலி வந்ததிலிருந்து மேட்டுக்குப் போவது அவளுடைய நாத்தனார்தான். ஏறச் சோம்பல்பட்டு நாணல் எலிகளையே மேட்டுக் கணக்கில் எழுதுகிறாளோ? கேட்க வாய் வரவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது நாத்தனார் முகத்தையே பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் தானே மேடேறினாள். நாணல் எலிக்கு இடது காதிலும் மேட்டு எலிக்கு வலது காதிலும் துளை போடுவது வழக்கம். முதல் கூண்டில் வயிறு புடைத்த எலி. வலது காதில் பழைய துளை. அடுத்ததிலும் அப்படியே.

அப்படியானால் இதுகள் எதைத் தின்று சினையாயின? சுற்றிச் சுற்றி வந்தாள். கல் குவாரிக்குப் போகும் தண்ணீர்க் குழாய் ஒரு மூட்டில் கசிந்துகொண்டிருந்தது. அதன் கீழே முழங்கால் உயரப் புல், கதிர் கதிராக விதை. மழைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே அவற்றுக்கு இல்லை.

"என்ன அண்ணி, முட்டி வலி போயிடுச்சா?"

பின்னால் நாத்தனார் நின்றிருந்தாள். திறந்த கூண்டையும் அண்ணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கம் தேவைப்படவில்லை.

"தப்பா நினைச்சிட்டேன்டி."

"தெரியுது."

அதிகாரி வந்து புல்லைப் பார்த்தார், குழாயைப் படமெடுத்தார், தாளில் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை.

நாத்தனார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கூண்டுகளை எடுக்கும்போது சொன்னாள்: "இனி நாணல் எனக்கு. மேட்டுக்கு நீங்களே போங்க அண்ணி."

அவள் மேட்டுக் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டாள்.