கொலம்பஸில் ஏறும் முன் கருவாட்டுச் சோறு

போன வருடம் மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் லாஞ்சுப் படகுகளெல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தன. பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு தீம் பார்க்குக்குப் புறப்பட்டோம். தெருவே குதூகலமாக இருந்தது. எனக்கு மட்டும் பயணம் என்றாலே பயம்.

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த இடம்தான் கடற்கரை. பஸ்ஸில் ஏறினாலே எனக்குக் குமட்டும். அதனால் எங்கே புறப்பட்டாலும் முதல் நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி. கல்யாண வீட்டில் ஊரே பந்தியில் உட்கார்ந்து வெளுத்துக் கட்டும்போது, நான் ஓரமாக எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பேன். அதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தம் கிடையாது. எனக்கும் பழகிவிட்டது.

ஆனால் அன்று காலை நடந்ததை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டாம் வகுப்பு முடித்திருந்த என் மகள் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வாணாம்மா. வெளிய போறப்போ துன்னா வாந்தி வரும்ல?" என்றாள். பஸ்ஸில் அவள் ஒரு தடவைகூட வாந்தி எடுத்ததில்லை. எல்லாம் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எனக்குப் பகீரென்றது. கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். "நீ சாப்டா நானும் சாப்டுறேன்" என்று ஒரே பிடிவாதம். எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு வேனில் ஏறினோம். பக்கத்தில் இருக்கும் எர்ணாவூரைத் தாண்டுவதற்குள் என் முகம் வெளுத்துவிட்டது.

இதையெல்லாம் என் நாத்தனார் பார்த்துக்கொண்டே வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, என் வயதுதான். திருவொற்றியூரில் மீன் விற்கிறாள். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள் என்பதால், வண்டி நிறுத்தும் இடத்திலேயே காலை ஆகாரத்துக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் வேனைவிட்டு இறங்கவில்லை. அவள் தூக்குவாளியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா அண்ணி, கடலுக்குப் போறவன் எவனாச்சும் வெறும் வயித்தோட போட்டுல ஏறுவானா? உள்ள ஒண்ணும் இல்லன்னாதான் வயிறு உருளும். புதுசா தொழிலுக்கு வர்றவனுக்கு எங்க நைனா மொதல்ல சோத்ததான் போடும்."

தண்ணீரை ஒட்டப் பிழிந்த பழைய சோற்றில், வறுத்த நெத்திலிக் கருவாட்டை நொறுக்கிப் போட்டுப் பிசைந்து உருட்டி வைத்திருந்தாள். வாசனை ஊரைத் தூக்கியது. பக்கத்துக் காரில் இருந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். "ஏத்தட்டும். இல்லாங்காட்டி அவங்களுக்கும் பசிக்கும்" என்றாள் அவள்.

என் மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடப்பது நடக்கட்டும் என்று ஒரு உருண்டையை வாங்கிப் போட்டேன். உப்பும் புளிப்புமாக உள்ளே இறங்கியது. உடனே பிள்ளை தானும் வாயைத் திறந்தாள். நாத்தனார் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி ஊட்டினாள். பயம் போகவில்லை. ஆனால் பிள்ளை சாப்பிடுகிறாளே என்ற நிம்மதியில் அடுத்த உருண்டையும் இறங்கியது.

உள்ளே போன பிறகும் அவள் என்னை விடவில்லை. கடலுக்குப் புதுசாகக் கூட்டிப்போகும் ஆளைப் போலத்தான் என்னை நடத்தினாள். வறுத்த கடலை, உப்பு மிளகாய் தடவிய மாங்காய் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். டீ வாங்கப் போனேன். "பாலு வாணாம்" என்று தடுத்துவிட்டாள். ஐஸ்கிரீம் கேட்டதற்கு, "அதெல்லாம் கரை எறங்குனப்புறம்" என்றாள்.

கடைசியில் அந்த இடம் வந்தது. முன்னும் பின்னும் வானத்துக்கு எழும்பும் ஊஞ்சல் கப்பல். கொலம்பஸ் என்பார்களே, அதுதான். என் மகள் பல மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அத்தை கூப்பிட்டும் போகவில்லை. "அம்மா வந்தாதான் ஏறுவேன்" என்று வரிசையில் நின்றுவிட்டாள். நான் மாட்டேன் என்றால், இந்தப் பிள்ளையும் என்னைப் போலவே ஆயுசு முழுக்க ஓரமாக உட்கார்ந்திருக்கும் என்று தோன்றியது. முருகா என்று சொல்லி ஏறிவிட்டேன்.

"கீழ குனியாத அண்ணி! தூரமா பாரு!" என்று பின் வரிசையிலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. கப்பல் எழும்பியது. குடல் தொண்டைக்கு வந்தது போலிருந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தூரத்தில் தெரிந்த சவுக்குத் தோப்பையே பார்த்தேன். குமட்டலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த வீச்சுக்கும் வரவில்லை. அப்போது என் வாயிலிருந்து வந்த கூச்சல் பயத்தினால் அல்ல, சத்தியமாகச் சந்தோஷத்தினால்தான். என் மகள் கப்பலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் அகோரப் பசி. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு முழு பிரியாணியை எலும்பு வரை கடித்துத் தின்றேன். வெளியே போன இடத்தில் நான் வயிறாரச் சாப்பிட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. வேனில் வந்த எல்லோரும் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பார்த்தீங்களா, எங்க அண்ணி தொழிலுக்கு ரெடி!" என்று நாத்தனார் கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். கூச்சப்படாமல் இன்னொரு முட்டையும் கேட்டு வாங்கினேன். என் தட்டிலேயே கை போட்டு என் மகளும் ஒரு பிடி பிடித்தாள்.

என் மூக்கையும் சுருட்டை முடியையும் அப்படியே வாங்கிக்கொண்டு பிறந்தவள் அவள். என் பயத்தை மட்டும் அவள் வாங்கிக்கொள்ளாமல் அன்று காப்பாற்றிவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.