பெட்டியைத் தொட ஒரே ஆள்

றிப்ஷானுக்குக் கை இருக்கிறது, மூளை இருக்கிறது, வாய்தான் இல்லை. ஒன்பது வருடம் அவனோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்து வயிறெரிந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

காத்தான்குடி ஹமீட் ஹாஜியாருக்கு ஆறு ஊர்களில் வீட்டுச் சாமான் கடை. ஆறு கடையின் பில்லும் போய்ச் சேருவது ஒரே கம்ப்யூட்டர் இயந்திரத்துக்குள். றிப்ஷான் அதை சேவர் என்பான். ஹாஜியாருக்கு அது பெட்டி. வாவிக்கரையில் மகள் நுஸ்ராவுக்கென்று கட்டிய வீட்டின் பின்னறையில் அது இருந்தது. முன்னறை எங்கள் கந்தோர். பெட்டி நின்றால் ஆறு கடையும் நிற்கும். அதை எழுப்பத் தெரிந்தவன் ஏறாவூர்க்காரனான இவன் ஒருவன்தான். மாரி மழையில் வாவித் தண்ணீர் முற்றத்துக்கு வந்தால், மேசைக்கு மேல் மேசை போட்டுப் பெட்டியை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்பான். ஒருமுறை பிள்ளைகளோடு பாசிக்குடாக் கடலுக்குப் போனான். எல்லோரும் கழுத்தளவு தண்ணீரில் கும்மாளமடிக்க, இவன் முழங்காலளவில் போனைப் பிடித்தபடி நின்றானாம். சொன்னவள் அவன் பெண்சாதி றஸீனா. அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

இந்த வருடம் இரண்டு காரியம் ஒன்றாக வந்தன. டோஹாவில் இருக்கும் றஸீனாவின் காக்கா, அவள் கூடப்பிறந்த அண்ணன், இவனுக்கு ஒரு வேலை பார்த்தார். குடும்பத்தோடு போகலாம், இருபதாம் திகதிக்குள் பதில் வேண்டும். அதே இருபதாம் திகதிக்கு நுஸ்ராவின் கலியாணமும் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். கந்தோரைக் கடை மாடிக்கு மாற்றலாம். அந்தத் தகரக் கூரைச் சூட்டில் பெட்டியை எப்படி வைப்பது?

"கொழும்புல டேட்டா சென்டர் இரிக்கி ஹாஜியார். நம்மட பெட்டிய அங்க வெச்சா, கரண்டு, குளிர், காவல் எல்லாம் அவனுகள் பாப்பானுகள்" என்றான் றிப்ஷான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஹாஜியார் மாப்பிள்ளை விசாரிப்பது போலவே விசாரித்தார். "கரண்டு எத்தின வழியால வருது? வெள்ளம் ஏறின எடமா? அக்கம்பக்கம் ஆரு?" இவன் கொழும்புக்குப் போய் இரண்டு இடம் பார்த்து வந்தான். ஒன்று கடலோரம், கட்டடம் பளபளப்பு. ஆனால் இடம் மட்டும்தான் தருவார்கள். பெட்டி முடங்கினால் நாம்தான் போக வேண்டும். மற்றது உள்ளே, மேட்டு நிலத்தில். நாம் எழுதிக் கொடுத்தால் அவர்களின் ஆட்களே பெட்டியைத் தொட்டுச் சரிபார்ப்பார்கள்.

"பெருநாளண்டு பெட்டி நிண்டா ஆரு தொடுற எண்டு கேட்டன் மச்சான். நாங்க தொடுவம் எண்டானுகள்" என்று என்னிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"டோஹா விசயத்த ஹாஜியாரிட்டச் சொல்லிட்டியா?"

"அவர் ஒப்பம் வெக்கட்டும். மறுகா செல்றன்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஹாஜியாரும் இரண்டாவது இடத்தையே விரும்பினார். மகளுக்கு வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய அன்றே இதற்கும் ஒப்பம் வைத்து, ஒரு தட்டு மஸ்கட் இனிப்போடு கொண்டுவந்தார். மூன்று வருட ஒப்பந்தம். உள்ளே போகக்கூடியவர்களின் பெயர்களுக்கு ஐந்து வரி இருந்தது. நான்கை வெட்டிவிட்டு, ஒன்றில் மட்டும் றிப்ஷானின் பெயரை எழுதியிருந்தார். அங்குள்ளவர்கள் தொடலாம் என்ற இடத்திலும் குறுக்கே ஒரு கோடு.

"அவனுகள் தொடுவானுகள் எண்டுதானே ஹாஜியார் இந்த எடத்த..." றிப்ஷான் அந்தக் கோட்டில் விரலை வைத்தான்.

"முன்னப்பின்னத் தெரியாதவன நம்மட பெட்டியத் தொட உடுறயா மகன்? வீட்ட நுஸ்ராட பேருல எழுதின. இத ஒன்ட பேருல எழுதிட்டன். புள்ளைக்கும் ஒனக்கும் நான் வித்தியாசம் பாக்கல்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, அதுதான் கொடுமை. அவனுக்கும் சீதனம் கொடுத்துவிட்டதாகவே மனிதர் நினைத்தார். இப்போதாவது சொல்லடா என்று நான் மேசைக்குக் கீழே றிப்ஷானின் காலை மிதித்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ் ஹாஜியார்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மஸ்கட்டைத் தொடவில்லை. "கலியாணம் முடியட்டும், மறுகா செல்றன்" என்றான் என்னிடம்.

பெட்டி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. கலியாணத்தன்று ஒரே சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி ஐந்து பேர் இருந்தோம். எல்லோரும் தின்று முடிக்கும்வரை சஹனை விட்டு ஒருவரும் எழும்புவதில்லை. மூன்றாவது பிடியில் அவன் போன் அடித்தது. பெட்டி நின்றுவிட்டது. அங்குள்ளவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்களாம், தொட அனுமதி இல்லையாம். றிப்ஷான் எழும்பினான்.

"பாத்தீங்களா?" என்றார் ஹாஜியார், விருந்தாளிகளிடம் பெருமையாக. "இவன் இரிக்கக்குள்ள எனக்கென்ன கவல!"

முன்பு பத்து அடி நடந்தால் பெட்டி. இப்போது எட்டு மணித்தியாலம் பஸ். கழுத்தில் அந்த இடத்தின் அனுமதி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் வாசலுக்கு வந்தபோது றஸீனா பிள்ளைகளோடு நின்றாள்.

"காக்காக்கு இண்டைக்குப் பதில் செல்லணும்" என்றாள்.

"போய்ட்டு வந்து செல்றன் புள்ள."

அவன் பஸ் ஏறும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் போனை எடுத்தாள்.

"காக்கா, அவர் வரமாட்டார். அந்த வேலைய வேற ஆருக்கும் குடுங்க."