கரும்பு பிழியாத இயந்திரம்

பாரிஸ், 1987 மே 14, வியாழன், காலை ஆறு நாற்பது. பவனியில் மாதா சொரூபத்தை வைத்துத் தூக்கும் கூட்டுக்கு வேண்டிய எட்டு மரவளையங்களில் ஐந்து முடிந்திருந்தன. ஆறாவதற்குக் கம்பு நனைத்துக்கொண்டிருந்தபோது, ரூ பெர்தொனே பலசரக்குக் கடை யோகன் முற்றத்துக்குள் வந்தான்.

"அருளப்பு அண்ணை மோசம் போயிட்டார். மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோப் படியிலை. நெஞ்சு வலி வந்து உயிர் போச்சு."

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், மன்னார் அருளப்பு அண்ணை நல்ல மெக்கானிக் அல்ல. உணவகத்தில் கோப்பை கழுவியவர். பழைய சாமான் சந்தையில் மூன்று உருளையும் கைப்பிடிச் சக்கரமும் உள்ள இரும்பு இயந்திரம் ஒன்றைக் கண்டதும், கரும்பு பிழியும் மெஷின் என்று வாங்கிவிட்டார். லா சப்பலில் கரும்புச்சாறு விற்பதாகத் திட்டம். நான் கறளைத் துடைத்தேன். வார்ப்புத் தகட்டில் போன நூற்றாண்டின் ஆண்டு. கீழே, பீப்பாய்க்கு மரவளையம் செய்யும் பொறி என்று பிரெஞ்சில்.

"அண்ணை, இது பீப்பாய் வளையம் வளைக்கிறது."

"உருளை சுத்துதோ?"

"ஓம்."

"சுத்தினா பிழியும். நீ படிச்சனி எண்டு மெஷினுக்கும் படிப்பிக்காதை."

அன்றே கரும்பு தேடி வாங்கிவந்தார். கீழே இரண்டு உருளை, மேலே திருகினால் இறங்கும் ஒன்று. அவை நசுக்குவதற்கு அல்ல, வளைப்பதற்கு. ஒரு சொட்டுச் சாறு வரவில்லை. கரும்பு கணுக்கணுவாய் முறுகி வட்டமாய் வெளியே வந்தது. முற்றமே சிரித்தது. அவர் அதை எடுத்து என் கழுத்தில் போட்டார். "இஞ்சினியருக்கு மாலை."

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனவர், அந்த இயந்திரத்தில் வளையம் வளைத்து மாதா பவனிக்குக் கூடு கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என்னைக் கேட்கவில்லை. இயந்திரத்துக்கு மோட்டார் பூட்டலாம் என்றேன். "பூட்டினா உனக்கென்ன வேலை?" என்றார். கோபத்தோடு சக்கரத்தைச் சுற்றினேன். வளையம் நன்றாகத்தான் வந்தது.

முற்றத்துச் சொந்தக்காரர் சனிக்கிழமை காலைக்குள் இயந்திரத்தை அகற்றச் சொல்லிவிட்டார். பழைய இரும்புக்காரனின் லொறி வருகிறது. அதற்குள் அண்ணையின் வாக்கு முடிய வேண்டும். யோகனின் கடை வாசலில் கூடி நின்று "நல்ல மனுசன்" என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.

1. இன்று வேலைக்குப் போகமாட்டேன். ஸ்தேன் புறநகர் மரக்காரனிடம் மிச்சக் கம்பு எடுப்பேன்.
2. நாளைக்குள் மூன்று வளையம். யோகன் சக்கரம் சுற்றுவான். அவனை இன்னும் கேட்கவில்லை.
3. லொறி வருமுன் கைப்பிடியைக் கழற்றுவேன். அது என்னோடு இருக்கும்.
4. கழற்றுமுன் ஒரு கரும்பை உருளைக்குள் விடுவேன். அடக்கத்துக்கு நீங்கள் மலர்வளையம் கொண்டுவாருங்கள். நான் இந்தக் கரும்பு வளையத்தை அவர் பெட்டிமேல் வைப்பேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.